பேட்டரி தெளிப்பானில் மருந்து கசியாமல் காப்பது எப்படி? தாமிரபரணிப் பாசனப் பகுதி உழவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கார் பருவத்தில் நெற்பயிர் தூர் கட்டும் நாள்களிலும், பிசானப் பருவத்தில் கதிர் வெளிவருவதற்கு முன்பும், அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை வரப்புகளில் முதுகில் தெளிப்பானைச் சுமந்து நடப்பவர்களைக் காணாத ஊர் இல்லை. ஒரு கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே மறு கையால் மருந்து தெளித்த பழைய கைத்தெளிப்பானின் இடத்தை, 16 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியும் 12 வோல்ட் பேட்டரியும் சிறிய மோட்டார் பம்பும் கொண்ட பேட்டரி தெளிப்பான் இன்று பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இதனால் தோள்வலி குறைந்தது, வேலையும் விரைந்தது. ஆயினும் பம்பு ஓடும் நேரம் முழுவதும் குழாய்க்குள் அழுத்தம் நிற்பதால், முன்பு எப்போதாவது ஒரு சொட்டு விட்ட இணைப்பு இப்போது ஓயாமல் ஒழுகுகிறது. ஒழுகும் நீர் பேட்டரியும் மின்கம்பிகளும் இருக்கும் அடிப்பெட்டிக்குள்ளும் இறங்குகிறது.

கசிவு என்றதும் மருந்து வீணாகிறது என்ற கவலைதான் முதலில் எழுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால், 20 சொட்டு ஒரு மில்லி என்று கொண்டு கணக்கிட, மணிக்கு ஏறத்தாழ 180 மில்லி கலவை போகும். பணமாகப் பார்த்தால் இது பெரிய நட்டமில்லை. ஆனால் அந்த 180 மில்லியும் சுமப்பவரின் முதுகிலும் இடுப்பிலும் தொடையிலும் இறங்குகிறது. நனைந்த சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டு, வெயிலில் வியர்த்த உடம்புக்குள் மருந்தை மணிக்கணக்கில் செலுத்துகிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லக் கூடியவை. மேலும், நம் பகுதியில் தெளிப்பானைச் சுமப்பவர் பெரும்பாலும் அதன் சொந்தக்காரராக இருப்பதில்லை. கூலிக்கு வருகிறவர், கொடுத்த கருவியை வாங்கிச் சுமந்துகொண்டு வயலுக்குள் இறங்குகிறார். ஆகவே கசியாத கருவியைக் கொடுப்பது சொந்தக்காரரின் பொறுப்பு என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. அதற்கு ஆகும் செலவு, பெரும்பாலான நேரங்களில், சில வாஷர்களின் விலைதான்.

மருந்து செல்லும் வழியை அறிந்துகொள்ளுதல்

பழுதைத் தேடுவதற்கு முன் நீரின் பாதையை மனத்தில் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். தொட்டியின் வாயில் மூடியும், மூடிக்குள் காற்றுத் துளையும், அதன் கீழே வடிகட்டியும் இருக்கின்றன. தொட்டியின் அடியில் உள்ள துளையிலிருந்து ஒரு சிறு குழாய் பம்புக்குச் செல்கிறது. பம்பிலிருந்து வெளியேறும் நீர் நீண்ட ஓஸ் வழியாக ட்ரிகர் என்னும் விசை பொருத்திய கைப்பிடிக்கும், அங்கிருந்து கம்பி எனப்படும் நீண்ட குழாய் வழியாக, மருந்தைத் தூவும் முனையான நாசிலுக்கும் போகிறது. தொட்டியிலிருந்து பம்பு வரை அழுத்தம் கிடையாது. நீரின் எடை மட்டுமே உண்டு. பம்பிலிருந்து நாசில் வரை அழுத்தம் உண்டு. எனவே மோட்டாரை நிறுத்தி, ஓஸில் தங்கிய அழுத்தத்தை இறக்கிய பின்னும் கருவி ஒழுகினால் பழுது முதல் பாதியில் இருக்கிறது. அழுத்தம் நிற்கும்போது மட்டும் ஒழுகினால் இரண்டாம் பாதியில் தேட வேண்டும். இந்த ஒரு பிரிவினையைத் தெரிந்துகொண்டாலே தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதல் படி: மருந்தில்லாத சோதனை

பருவம் தொடங்குவதற்கு முன், மருந்து வாங்கும் நாளுக்கு முந்தியே, தொட்டியைக் கழுவி நல்ல தண்ணீரை நிரப்பிச் சோதிக்க வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாழை இலையும் நெல் இலையும் மெழுகுப் பூச்சு உள்ளவை என்பதால், மருந்தோடு ஒட்டுத் திரவம் சேர்ப்பது நம் வழக்கம். அந்தத் திரவம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது; அதனால் வெறும் தண்ணீர் நுழையாத மெல்லிய இடுக்குகளிலும் மருந்துக் கலவை நுழைந்து வெளியே வருகிறது. ‘தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒழுகவில்லை, மருந்து அடிக்கும்போதுதான் ஒழுகுகிறது’ என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே சோதனைத் தண்ணீரில் சிறிதளவு ஷாம்பு அல்லது பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் கலந்துகொள்ள வேண்டும்.

தொட்டியின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த செய்தித்தாளின் மீது அரைமணி நேரம் நிமிர்த்தி வைத்து, தாளில் ஈரம் எங்கே படிகிறது என்று பார்க்க வேண்டும். பின்னர் மோட்டாரை இயக்கி, ட்ரிகரை அழுத்தாமல் விட்டுவிட்டுச் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். அழுத்தம் நிறைந்ததும் பம்பில் உள்ள அழுத்தச் சுவிட்சு மோட்டாரைத் தானாக நிறுத்திவிடும். நிறுத்திய பின் அது அமைதியாக இருக்க வேண்டும். யாரும் ட்ரிகரைத் தொடாமலே சில நொடிகளுக்கு ஒருமுறை மோட்டார் உயிர்பெற்று ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். அது கண்ணுக்குத் தெரியும் கசிவாகவும் இருக்கலாம். பம்புக்குள் இருக்கும் வால்வு சரியாக மூடாததாகவும் இருக்கலாம். காய்ந்த துணியால் ஒவ்வோர் இணைப்பையும் பம்பிலிருந்து நாசில் வரை வரிசையாகத் துடைத்துக்கொண்டே சென்றால், மீண்டும் நனையும் இணைப்பு தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, சோப்புத் தண்ணீர் உள்ள தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு, களை பறிக்கக் குனிவதுபோல நன்றாகக் குனிந்து, இரு பக்கமும் சாய்ந்து நிமிர வேண்டும். தரையில் நிமிர்த்தி வைத்திருக்கும்போது ஒரு சொட்டும் விடாத மூடி, குனிந்தவரின் பிடரியில் ஊற்றுவதை இந்தச் சோதனை மட்டுமே காட்டும்.

இரண்டாம் படி: மூடியும் காற்றுத் துளையும்

முதுகில் இறங்கும் மருந்தில் பெரும்பங்கு மூடியிலிருந்து வருகிறது. ஆயினும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படும் பகுதியும் அதுதான். மூடியின் உட்பக்கத்தில் உள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் தட்டையாக நசுங்கியோ, வெடித்தோ, அளவுக்கு மீறி உப்பியோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். மூடியின் மரைகளிலும் தொட்டி வாயின் மரைகளிலும் மண்ணும் மருந்துத் தூளும் அடைந்திருக்கும். பழைய பல்துலக்கியால் அவற்றைத் தேய்த்து எடுக்க வேண்டும். மூடும்போது உடனே வலப்பக்கம் திருகாமல், முதலில் இடப்பக்கமாக மெல்லத் திருப்பி, மரை ‘டக்’ என்று தன் இடத்தில் அமர்ந்த பிறகு வலப்பக்கம் திருகினால் மூடி கோணலாக ஏறாது. அவசரத்தில் கோணலாக ஏறிய மூடி எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். இறுக்க இறுக்க மரையும் அழியும்.

மூடியின் நடுவில் உள்ள சிறு துளை, மருந்து குறையக் குறைய வெளிக்காற்றை உள்ளே விடுவதற்காக அமைந்தது. அதன் உட்புறம் மெல்லிய ரப்பர் தடுக்கு ஒன்று காற்றை உள்ளே விட்டு, நீரை வெளியே விடாமல் காக்கிறது. துளை அடைபட்டால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பக்கச் சுவர் உள்வாங்கி, பம்பு திணறும், தெளிப்பு மெலியும். இதைக் கண்டு சிலர் ஆணியைக் காய்ச்சித் துளையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். தெளிப்பு சரியாகிவிடும், ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு குனிவுக்கும் மருந்து பிடரியில் விழும். துளையை மெல்லிய தூரிகையாலும் தண்ணீராலும் சுத்தம் செய்து, ரப்பர் தடுக்கு இல்லாவிட்டால் புது மூடியே வாங்க வேண்டும்.

தொட்டியைக் கழுத்து வரை நிரப்புவதும் கசிவுக்கு ஒரு காரணம். அளவுக்கோட்டுக்கு மேல் நிரப்பாமல், நீர் அலைவதற்குச் சிறிது இடம் விட வேண்டும்.

மூன்றாம் படி: வாஷரும் ஓ-ரிங்கும்

கசிவின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இணைப்பு ஒழுகினால் மேலும் இறுக்குவது எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம். ஸ்பேனரால் இறுக்கப்பட்ட பிளாஸ்டிக் நட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்து, அடுத்த பருவத்தில் அந்த நட்டே இரண்டாகப் பிளக்கும். நீரைத் தடுப்பது நட்டின் இறுக்கமன்று. நட்டுக்கும் முனைக்கும் நடுவே படுத்திருக்கும் வாஷர். கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று மட்டும் கொடுத்தபின்னும் ஒழுகினால், வாஷரை மாற்ற வேண்டும் என்று அறிய வேண்டும்.

எந்த ரப்பர் என்பதும் முக்கியம். மருந்துப் புட்டியின் பெயருக்குப் பின்னால் ‘ஈ.சி.’ என்று இருந்தால், அதில் மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் எண்ணெய் போன்ற கரைப்பான் உள்ளது. தண்ணீர் சேர்த்ததும் பால்போல வெளுப்பது இவ்வகைதான். இந்தக் கரைப்பான் சாதாரண ரப்பரை உப்ப வைத்து மென்மையாக்கிவிடும். அதனால்தான் சைக்கிள் ட்யூபை வெட்டிச் செய்த வாஷர் சில நாள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு இடத்தை விட்டுப் பிதுங்குகிறது. உதிரிபாகக் கடையில் கேட்டு நைட்ரைல் ரப்பர் வளையங்களை வாங்குவது நல்லது, ஈ.சி. மருந்துகளை அடிக்கடி பயன்படுத்துவோர், கிடைக்குமானால், விலை கூடினாலும் வைட்டான் வளையங்களை வாங்கலாம், ஏனெனில் கரைப்பான்களை அவை அதிகம் தாங்கும். கடைக்குப் போகும்போது பழைய வாஷரை மட்டும் மாதிரியாகக் கொண்டுபோனால், உப்பிப்போன அளவுக்கே புதியதும் கிடைக்கும், அது பொருந்தாது. வாஷர் உட்காரும் நட்டையோ கைப்பிடியையோ கையோடு எடுத்துச் சென்று, அங்கேயே பொருத்திப் பார்த்து வாங்க வேண்டும்.

ஓ-ரிங் என்னும் வட்ட ரப்பர் வளையத்தைப் பொருத்தும்போது வறண்ட நிலையில் தள்ளினால் அது முறுக்கிக்கொண்டு கிழியும். சிலிகான் கிரீசை மிக மெல்லியதாகத் தடவிப் பொருத்த வேண்டும். தேங்காயெண்ணெயும் வாஸ்லினும் வண்டி கிரீசும் சாதாரண ரப்பரைக் கெடுக்கும். டெஃப்ளான் நாடாவை எல்லா மரையிலும் சுற்றும் பழக்கத்தையும் விட வேண்டும். வாஷர் மூலம் நீரைத் தடுக்கும் இணைப்பில் நாடாவுக்கு வேலை இல்லை. பிய்ந்த நாடாத் துணுக்குகள் உள்ளே சென்று நாசிலை அடைப்பதே மிச்சம்.

நான்காம் படி: ஓஸ்

தொட்டியிலிருந்து ஓஸ் வெளியே வரும் கழுத்தில்தான் அது அதிகமாக வளைகிறது. வெடிப்பும் அங்கேதான் விழும். ஓஸை வளைத்துப் பிடித்து, வளைவின் வெளிப்புறத்தில் மயிரிழை போன்ற கோடுகள் தெரிகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முனை மட்டும் கடினப்பட்டிருந்தால், அந்தப் பகுதியை நேராக வெட்டி நீக்கி, புதிய முனையைச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் வைத்து இளக்கி, முனைக்குழாயின் அடி வரை தள்ளி, கிளாம்பு போட வேண்டும். கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டினால் அது ஓஸை அறுக்கும். வெடித்த இடத்தில் ட்யூப் நாடாவைச் சுற்றுவது அதைவிடத் தீது: கசிவை அது நிறுத்தாமல் மறைக்கிறது, மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சுமப்பவரின் இடுப்பை நாள் முழுவதும் நனைக்கிறது.

ஐந்தாம் படி: ட்ரிகரும் கம்பியும், குறிப்பாக வாழைக்கு

கைப்பிடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு வடிகட்டியும், ட்ரிகரின் ஊசியைச் சுற்றி ஒரு சிறிய ஓ-ரிங்கும் இருக்கும். விரலிடையில் மருந்து வடிகிறது என்றால் அந்த ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது.

நெல்லுக்குக் கம்பியைக் கீழ்நோக்கிப் பிடிப்பதால், இணைப்பில் ஒழுகும் நீர் பெரும்பாலும் வயலிலேயே விழுந்துவிடும். களக்காடு, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் நிலைமை வேறு. இலைப்புள்ளி நோய்க்காக ஏத்தனுக்கும் ரசகதலிக்கும் மருந்து தெளிக்கும்போது கம்பியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்போது நாசிலிலோ கம்பியின் நடு இணைப்பிலோ கசியும் ஒவ்வொரு சொட்டும் கம்பி வழியே இறங்கி, மணிக்கட்டைக் கடந்து, சட்டைக் கைக்குள் புகுந்து, அக்குள் வரை செல்கிறது. எனவே வாழைக்குப் பயன்படுத்தும் கம்பியின் இணைப்புகளை நெல்லுக்கு உள்ளதைவிட இருமடங்கு கவனத்தோடு பார்க்க வேண்டும். தடித்த ரப்பர் தகட்டில் உள்ளங்கை அகல வட்டம் ஒன்றை வெட்டி, நடுவில் துளையிட்டு, கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே கம்பியில் இறுக்கமாக ஏற்றிவிட்டால், வழிந்து வரும் நீர் அதன் ஓரத்திலிருந்து கீழே சொட்டிவிடும். சட்டைக் கையின் நுனியை நைட்ரைல் கையுறைக்குள் செருகி, கையுறையின் விளிம்பை வெளிப்பக்கமாக மடித்துவிட வேண்டும். கீழ்நோக்கித் தெளிக்கும்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஆறாம் படி: நாசில்

ட்ரிகரை விட்ட பிறகும் நாசில் சில சொட்டு விடுவது இயல்பு. விடாமல் சொட்டினால் ட்ரிகரின் வால்வைப் பார்க்க வேண்டும். நாசில் மூடியின் ஓரத்தில் ஒழுகினால், உள்ளே சுழல்தட்டும் வாஷரும் தகடும் வரிசை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். முதல் தடவை கழற்றும்போதே அவற்றை வரிசையாக ஒரு துணியில் அடுக்கிக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது எளிய வழி.

அடைபட்ட நாசிலை வாயில் வைத்து ஊதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இதை ஒருபோதும் செய்யக் கூடாது. செய்பவரைக் கண்டால் தடுக்க வேண்டும். கம்பியால் குத்தினாலும் துளை சிதைந்து, நாசில் புகைபோலத் தெளிக்காமல் ஒருபக்கம் ஊற்றும். மென்மையான தூரிகை ஒன்றையும் மாற்று நாசில் ஒன்றையும் வயலுக்குக் கொண்டு செல்ல வேண்டும். அடைப்பு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். கால்வாயில் புதுத்தண்ணீர் வரும் நாள்களில் வண்டலும் மணலும் மிகுதி என்பதால், தொட்டியின் வடிகட்டிக்கு மேல் ஒரு துணியையும் விரித்து வடிகட்ட வேண்டும். கடலோர ராதாபுரம் பக்கம் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கும் இடங்களில், காய்ந்த உப்பு ஓ-ரிங் அமரும் பள்ளங்களில் படிந்து கசிவை உண்டாக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

ஏழாம் படி: பம்பும் பேட்டரிப் பெட்டியும்

பேட்டரியை இணைப்பிலிருந்து கழற்றிய பிறகே அடிப்பெட்டியைத் திறக்க வேண்டும். தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் சிறு குழாயின் கிளாம்பு தளர்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பம்பின் தலைப்பகுதித் திருகுகளைக் குறுக்கெதிராக, சமமாக இறுக்க வேண்டும். அதன்பின்னும் பம்பு உடலிலிருந்தே ஒழுகினால் உள்ளிருக்கும் டயஃப்ரம் என்னும் சவ்வு கிழிந்திருக்கும். அதைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது. பேட்டரி முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் நெடுநாளாக ஈரம் இறங்கியிருக்கிறது. சமையல் சோடா கரைத்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்த்தி, பிறகே இணைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. ஈரமான கருவியில் சார்ஜர் செருகுவதும், சமையலறையில் வைத்துச் சார்ஜ் செய்வதும் கூடாது.

வயலிலும் வயலுக்குப் பின்னும்

மருந்தை நேராகத் தொட்டிக்குள் ஊற்றும்போது, கலக்காத மருந்து வாயின் விளிம்பிலும் மரையிலும் வழிகிறது. கலவையாக ஒழுகுவதைவிட இது பல மடங்கு ஆபத்து. ஒரு வாளியில் அளவாகக் கலந்து, தொட்டியில் பாதித் தண்ணீர் ஊற்றிய பின் வடிகட்டி வழியே சேர்த்து, மீதித் தண்ணீரை நிரப்பி, விளிம்பைத் துடைத்துவிட்டு மூட வேண்டும். தொட்டிக்கும் முதுகுக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிடுவது கூடுதல் காப்பு. ஆனால் கசியும் கருவிக்கு அது ஈடாகாது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து காற்று வீசும் நாள்களில், எவ்வளவு ஒழுங்கான கருவியும் சுமப்பவரை நனைக்காமல் விடாது. காற்று எழுவதற்கு முன் காலையிலேயே தெளித்து முடிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டு, நாசிலைப் பயிரின் பக்கம் காட்டி, தெளிப்பு நிற்கும் வரை ட்ரிகரை அழுத்தி ஓஸில் தங்கிய அழுத்தத்தை இறக்க வேண்டும். அழுத்தத்தோடு வைத்த கருவி, வீட்டுத் திண்ணையில் இரவெல்லாம் சொட்டும். பிறகு தொட்டியை மும்முறை அலசி, அந்த நீரை மருந்து அடித்த வயலிலேயே தெளித்துவிட வேண்டும். கன்னடியன் கால்வாயிலோ கோடகன் கால்வாயிலோ கருவியை முக்கிக் கழுவும் காட்சி இன்னும் மறையவில்லை என்பது மிகுந்த வருத்தத்துக்குரியது; திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தருவது இதே தாமிரபரணி ஆற்றின் தண்ணீர்தான்.

மருந்தில் நனைந்துவிட்டால்

உடனே வேலையை நிறுத்தி, நனைந்த உடையைக் களைந்து, சோப்புப் போட்டு ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். ‘அடித்து முடித்துவிட்டுக் குளிக்கலாம்’ என்பது கூடாது. தலைச்சுற்றல், குமட்டல், கண்மணி சுருங்குதல், எச்சில் மிகுதல், மூச்சுத் திணறல் இவற்றில் எது தோன்றினாலும் 108-ஐ அழைத்து, மருந்துப் புட்டியை அதன் லேபிளோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தபோது நஞ்சேறி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுள் கூலித் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

பருவம் முடிந்த பின்

தொட்டியை உலர்த்தி, மூடியைத் தளர்வாக வைத்து, ஓஸை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி, வெயில் படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். வெயில் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் நொறுங்கச் செய்கிறது. ஈய-அமில பேட்டரியாக இருந்தால் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும்.

தொட்டியிலேயே வெடிப்பு விழுந்தால் அதை ஒட்டிப் பயன்படுத்தலாம் என்று எண்ணக் கூடாது. எம்-சீல் போன்ற பசைகள் இவ்வகைப் பிளாஸ்டிக்கில் உண்மையாகப் பிடிப்பதில்லை. காய்ந்தபோது நிற்பதுபோலத் தோன்றி, 15 கிலோ நீரின் எடையோடு குலுங்கும்போது வயலின் நடுவில் விட்டுவிடும். அந்தத் தொட்டியின் ஆயுள் முடிந்தது. பம்பு, ஓஸ், கைப்பிடி, பேட்டரி ஆகியவை நல்ல நிலையில் இருந்தால் கழற்றி வைத்துக்கொண்டு, தொட்டியை மும்முறை அலசி, அடியிலும் பக்கத்திலும் கத்தியால் அறுத்துவிட வேண்டும். அறுக்காமல் போட்டால், யாராவது எடுத்துக் கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பயன்படுத்துவார்கள்.